வானில் ஒரு மணி நேரம்

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து பினாங்கு விமான நிலையம் வான்வழியே ஏறக்குறைய 325 கிலோமீட்டர். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்தே கோத்தா கினபாலு ஏறக்குறைய 1,630 கிலோமீட்டர். தொலைவு ஐந்து மடங்கு. நேரமோ ஏறத்தாழ இரண்டரை மணிதான்.

இதற்குக் காரணம் யாது? ஓடுபாதையை அடைதல், மேலெழுதல், தாழ்ந்திறங்குதல் ஆகியவற்றிற்குக் குறுகிய பயணத்திலும் நேரம் செலவாகிறது. விமானம் முழு வேகத்தில் பறப்பது அப்போது சிறிது நேரமே.

ஆகவே, நோயுற்ற பெற்றோரைக் காண அவசரமாகப் புறப்படும் தொழிலாளர், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் நம்பிவிடலாகாது. தோட்டத்திலிருந்து நிலையம் செல்லும் நேரத்தையும், விமானம் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கிருக்க வேண்டியதையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். நெடுஞ்சாலையை அடுத்த தோட்டத்தினருக்குச் சில வேளைகளில் பேருந்தே ஏற்றதாகலாம்.