கீழே கடை, மேலே குடியிருப்பு

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை முதலிய பகுதிகளில் பழைய நெசவாளர் இல்லம் ஒன்றினுள் நுழைவோர் முதலிற் காண்பது தறியையே. அடுக்களையும் படுக்குமிடமும் அதற்குப் பின்னர்தான். தொழிலும் குடியிருப்பும் ஒரே கூரையின் கீழ் அமைவதை ஏதோ புதிய நகரமைப்பு முறை என்று இன்று சிலர் புகழக் கேட்கும்போது நமக்குச் சற்றே நகைப்பு உண்டாகிறது. நம் முன்னோர் வேறு எவ்விதமாகவும் வாழ்ந்ததில்லை. வீட்டிற்கு வெளியேயும் பாவு நீட்டுவதற்கென்று பாவடி எனும் பொதுவெளி இருந்தது. சில ஊர்களில் அது இப்போது தெருப்பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது.

சேலம் 1994ஆம் ஆண்டில் மாநகராட்சியாயிற்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6.97 லட்சமாயிருந்த மக்கள்தொகை 2011இல் 8.29 லட்சமாக உயர்ந்தது. ஊர் பெருகப் பெருக, பெருவழியை ஒட்டிய மனைகளுக்குக் கிராக்கி ஏறுவது இயல்பே. கட்டுமானக்காரர்கள் நம் அங்கத்தினர் வீடுகளுக்கு வந்து, “மனையைத் தாருங்கள், மாடியில் இரண்டு வீடுகள் உங்களுக்கு, தரைத்தளக் கடைகள் எங்களுக்கு” என்று பேசுகின்றனர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவருக்குச் சிமெண்டுத் தளமும் குழாய்நீரும் சிறு விஷயங்கள் அல்ல. அவ்வாசையை நாம் குறைகூற மாட்டோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். தறி எங்கே போகும்?

குழித்தறிக்குத் தரை வேண்டும். மிதிகளுக்காகத் தோண்டிய குழியின் ஈரம் நூலுக்கும் நன்மை செய்வது; அக்குழியை இரண்டாம் மாடியில் எவர் தோண்டுவார்? குழி வேண்டாத சட்டத்தறி உண்டு என்பர். அதன் மேல் ஜக்கார்டு ஏற்றினால் பத்தடிக் கூரை போதாமற் போவதுண்டு. போதினும், காலை முதல் எழும் தறியோசையை அடுத்த வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம் என 2023இல் அரசு உயர்த்தியது. தறி நின்றால் அச்சலுகையும் நிற்கும். எனவே தரைத்தளத்தை விட்டுக் கொடுப்பவர் கடை வாடகையை மட்டும் இழப்பதில்லை; தம் தொழிலையே இழக்கிறார்.

இனிச் சட்டத்தின் நிலை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்குவோர் செலுத்தும் தொகையில் நூற்றுக்கு எழுபது பங்கு தனி வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். கட்டடத்தின் அமைப்பில் ஐந்தாண்டுகளுக்குள் குறை தோன்றினால் கட்டியவரே சீர்செய்தல் வேண்டும். நல்ல ஏற்பாடுகளே. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிடினும், அலகுகள் எட்டுக்கு மேற்படாவிடினும் அத்திட்டத்தைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி. நெசவாளர் தெருவின் தனி மனை எதுவும் அவ்வளவு பெரிதாயிருப்பது அரிது. யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ, அவருடைய மனை பெரும்பாலும் பதிவுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

நான்கைந்து அண்டை வீட்டார் தம் மனைகளை ஒன்றாக்கிப் பேசினால் நிலைமை வேறாகும். பரப்பும் அலகும் வரம்பைத் தாண்டும். கடையும் அலகாகவே எண்ணப்படும் என்பதையும் நினைவிற் கொள்க. அப்போது பதிவு கட்டாயம். தரைத்தளத்தின் பின்பாதியைத் தறிக்கூடமாகவும், சாலையை நோக்கிய முன்பாதியில் ஒரு கடையைச் சங்க விற்பனை நிலையமாகவும் எழுத்தில் கேட்க இயலும். நம் விவசாய அங்கத்தினரின் காய்கறியும் அங்கே இறங்கலாம். வண்டி நிற்க இடம் விட்டிருந்தால், என்று சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனெனில் அதைத்தான் முதலில் மறந்துவிடுகிறார்கள்.

சென்ற மாதம் ஓர் அங்கத்தினர் தம் ஒப்பந்தத்தை நம்மிடம் காட்டினார். அதில் மாடி வீட்டின் சதுர அடி எழுதப்பட்டிருந்தது. அது சுவருக்குள் புழங்கும் பரப்பா, படிக்கட்டையும் சேர்த்த பரப்பா என்பது இல்லை. நிலத்தில் அவருக்கு எஞ்சும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்பதும் இல்லை. கடைகளின் வாடகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. இத்தகைய தாள்கள் வைத்திருப்போர் முன்பணம் வாங்குமுன் சங்க அலுவலகத்திற்குக் கொண்டுவரலாம். வழக்கறிஞர் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்பது குறித்து அடுத்த பொதுக்குழுவில் பேச இருக்கிறோம்.