அட்டை புதிது, கடன் பழையது

கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் வந்தார். லீசிங் தவணைகள் பிந்தியதால் வங்கி கடன் தர மறுத்துவிட்டதாம். "நானா, 12 இலக்க அடையாள அட்டை எடுத்தால் கிரிப்பில் பழையது காட்டாதாமே? ஒருவர் செய்து தருகிறேன் என்கிறார்" என்றார். நல்ல காலம், காசு கொடுத்திருக்கவில்லை.

2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கம் வேறொன்றுமல்ல. பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கிப் பாருங்கள், அதுவேதான். வங்கி எழுதுவினைஞருக்கு இது அரை நிமிட வேலை.

பிறந்த திகதியை மாற்றிச் சொல்லி வேறு இலக்கம் பெறுவதோ கடனைவிடப் பெரிய வம்பு. தவணை தவறுவது குற்றமல்ல. பொய்த் தகவல் கொடுத்து அட்டை பெறுவது குற்றம். வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கு, காணி உறுதி எல்லாம் பழைய இலக்கத்தில் கிடக்க, புதியதை வைத்து என்ன செய்வது?

கிரிப் எனும் கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. கறுப்புப் பட்டியல் என்று அங்கே ஒன்றில்லை. கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. நம் அறிக்கையை நாமே கட்டணம் செலுத்திப் பெறலாம்.

நண்பரும் பெற்றார். கட்டி முடித்த கடனொன்று நிலுவையாகவே இருந்தது! பற்றுச்சீட்டோடு அந்தக் கம்பனிக்குப் போயிருக்கிறார்.