காகிதத்தில் 16 புலி, காட்டில் ஒன்றுகூட இல்லை! - சரிஸ்காவில் நடந்தது என்ன?

ராஜஸ்தானின் அல்வார் மாவட்டத்தில் இருக்கிறது சரிஸ்கா புலிகள் காப்பகம். 2004-ல் அங்கே 16 முதல் 18 புலிகள் இருப்பதாக வனத்துறைக் கணக்கு சொன்னது. ஆனால், அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்த பிறகு யார் கண்ணிலும் புலி படவே இல்லை. 2005 தொடக்கத்தில் உண்மை வெளியே வந்தது. அத்தனை புலிகளும் காலி!

தோலுக்கும் எலும்புக்கும் ஆசைப்பட்ட வேட்டைக் கும்பல்கள் ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்திருந்தன. விஷயம் பிரதமர் வரை போய், சி.பி.ஐ விசாரணை நடந்தது.

சரி, கணக்கு எப்படித் தப்பாகப் போனது? அப்போது புலியை எண்ணியது கால்தடத்தை வைத்துத்தான். மண்ணில் பதிந்த தடத்தைக் கண்ணாடி வைத்து வரைவார்கள், இல்லையென்றால் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரி இருக்கும், புழுதியில் வேறு மாதிரி இருக்கும். ஒரு புலியை இரண்டாக எண்ண இது போதாதா? எண்ணிக்கை குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் வேறு!

சுனிதா நாராயண் தலைமையில் அமைக்கப்பட்ட குழு இந்த ஓட்டைகளையெல்லாம் அலசியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. கால்தடத்தின் இடத்துக்குத் தானியங்கி கேமராக்கள் வந்தன. மனிதர்களுக்குக் கைரேகை எப்படியோ, புலிக்கு உடல் வரிகள் அப்படி. ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. புதிய முறையில் எண்ணியபோது நாட்டுக்கே தூக்கிவாரிப் போட்டது. 2006 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 1,411 புலிகள்தான். 2022-ல் அது 3,682 ஆனது. கசப்பான கணக்கை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஏற்றமே தொடங்கியது.

ஹெலிகாப்டரில் வந்த புலி

2008 ஜூன் 28. மயக்க ஊசி போடப்பட்ட ஓர் ஆண் புலி, ரந்தம்பூரிலிருந்து ஹெலிகாப்டரில் சரிஸ்காவுக்கு வந்து இறங்கியது. புலியே இல்லாமல் போன காட்டில் மீண்டும் புலியைக் குடியேற்றும் முயற்சி அது. அடுத்தடுத்து பெண் புலிகளும் வந்தன. இரண்டே ஆண்டுகளில், 2010 நவம்பரில், அந்த முதல் புலி விஷத்துக்குப் பலியானது. காப்பகத்துக்குள்ளேயே கிராமங்கள், மேய்ச்சல் மாடுகள். வளர்த்த எருமையைப் புலி அடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. அந்தக் கோபத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் புலியை மட்டும் கொண்டுவந்து விட்டால் எப்படி?

குட்டிகளுக்காக 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அங்கே புலிகளின் எண்ணிக்கை 40-ஐத் தாண்டிவிட்டது. ஆனால், கிராமங்களை இடம் மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை. காட்டின் நடுவே இருக்கும் பாண்டுபோல் அனுமன் கோயிலுக்கு செவ்வாய், சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். புலிகள் உலவும் பகுதி வழியாகத்தான் அந்தப் பாதையும் போகிறது. அங்கே ஓடும் வாகனங்களைக் கட்டுப்படுத்தும் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.