குழாய்க் குழியில் தேங்கும் நீர்: நோய்களும் தடுப்பு முறைகளும்

குடிநீர் வேகம் குறைந்து வரும் தெருக்களில், வீட்டு வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்வாக அமைக்கும் வழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்குழிகளிலும் தரைக்கீழ்த் தொட்டிகளிலும் நீர் தேங்கி நிற்கும். மேலே பலகையோ கல்லோ மூடியிருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

இதனால் என்ன தீங்கு?

* டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இத்தகைய நிழலான இடத்தில் தேங்கும் நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். குழி வறண்டாலும் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்.
* குழாய் நீரில் மூழ்கியிருக்கையில் குடிநீர் விநியோகம் நின்றால், திறந்த குழாய் வழியாகவோ தளர்ந்த இணைப்பு வழியாகவோ அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படலாம். இதனால் உங்கள் வீட்டாருக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை வரக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. குழியில் மின்மோட்டார் இருப்பின், முதலில் மின்இணைப்பைத் துண்டியுங்கள்.
2. காலில் புண் இருப்பவர்கள் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும்.
3. வாரம் ஒருமுறை நீரை முழுவதும் இறைத்து, குழியின் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்த்தால்தான் முட்டைகள் நீங்கும்.
4. பிளீச்சிங் பவுடர் தூவினால் கொசுப்புழு ஒழியும் என்று நம்பியிருக்க வேண்டாம். புழு ஒழிப்புப் பணியாளர்கள் வரும்போது தொட்டியைத் திறந்து காட்டி, அபேட் மருந்து ஊற்ற ஒத்துழையுங்கள்.
5. குழியைச் சுற்றி மழைநீர் புகாதபடி விளிம்பு கட்டி, இடைவெளியின்றி மூடுங்கள். பயன்படாத குழியை மண்ணிட்டு நிரப்புங்கள்.
6. குழாயிலிருந்து முதலில் வரும் கலங்கல் நீரைப் பிடிக்காதீர்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின் பருகுங்கள்.

வீட்டில் காய்ச்சல் வந்தால்

டெங்கு நோயாளியைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, சில நாட்களில் மற்றவர்களுக்கும் நோயைப் பரப்பும். இக்கொசு பகலில் கடிப்பதால், நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். நீர்மோர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக்கசிவை அதிகரிக்கலாம்.

காய்ச்சல் தணிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். டெங்குவில் காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாட்களே மிகுந்த கவனத்திற்குரியவை. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, கறுப்பு நிற மலம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.