மணலில் எழுதிய ஜெர்மன்காரர்

பல், பள்ளம், பழம். இந்த மூன்றையும் நிதானமாக, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ‘ல்’ வரும்போது மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் போய் முட்டும். ‘ள்’ வரும்போது பின்பக்கம் மடங்கி அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு மடங்கும், ஆனால் தொடாது, தொடப்போவது போலப் போய் நின்றுவிடும். உங்கள் தெருவில் யாராவது ‘பளம்’ என்று சொன்னால், அவர்கள் நாக்கு கொஞ்சம் அவசரப்பட்டுத் தொட்டுவிட்டது, அவ்வளவுதான். இத்தனை வேலையையும் நம் நாக்கு யாரும் ஏவாமலே செய்கிறது. நாமும் அதைக் கவனிப்பதே இல்லை.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இந்த நாக்கு வித்தை எதுவும் தெரியாத ஒரு இளைஞர் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியில் சாக்சனிப் பக்கத்துக்காரர். தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக்காரர்களின் துறைமுகம். தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்பாடு செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். கோட்டை இன்றும் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் பிடித்தால் பார்த்துவிட்டு வந்துவிடலாம். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் இவரைக் கிறிஸ்தவ சமயப் பணிக்காக அனுப்பியிருந்தார். கூடவே ஹென்ரிக் புளூட்சோ என்ற இன்னொருவரும் வந்தார்.

துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களும் ஊர்க்காரர்களும் பேரம் பேச ஒருவகைப் போர்ச்சுக்கீசிய மொழி போதுமானதாக இருந்தது. புளூட்சோ அதைக் கற்றுக்கொள்ளப் போனார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மன் வழியாகத் தமிழ் கற்க ஒரு புத்தகம்கூட அவர் கையில் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஒரு வயதான வாத்தியாரிடம் பேசி, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். பிறகு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் செய்வதுபோலவே மணலைப் பரப்பி விரலால் ‘அ, ஆ’ எழுதினார். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ‘ஈ’யன்னாவோடு போராடுவதைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு அறிவியல் இருக்கிறது.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் கைக்குழந்தைகளை அம்மா மடியில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் இந்தி மொழியின் ‘த’ ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டார்கள். நடுவில் திடீரென்று அது ‘ட’வாக மாறும். மாறியவுடன் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்துப் பெட்டியில் விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். பொம்மைக்கு ஆசைப்பட்டு, ஒலி மாறியதும் குழந்தை திரும்பும். பேசத் தெரியாத பிள்ளையிடம் ‘உனக்கு வித்தியாசம் தெரிகிறதா?’ என்று கேட்க எவ்வளவு நல்ல வழி! எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் டக்கென்று திரும்பினார்கள். பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரே திரும்பினார்கள். ஆங்கிலம் பேசும் பெரியவர்களோ, ‘இரண்டும் ஒன்றுதானே?’ என்றே நினைத்தார்கள். நமக்கு ‘பத்து’ வேறு, ‘பட்டு’ வேறு. அவர்கள் மொழியில் அந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லை. அதனால் காதில் விழுந்தாலும் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை.

அதாவது, பிறக்கும்போது எந்தக் குழந்தையும் உலகத்தின் எந்த மொழிக்கும் தயாராக இருக்கிறது. முதல் பிறந்தநாள் நெருங்குவதற்குள், சுற்றிலும் கேட்கிற மொழிக்குத் தேவையான ஒலிகளில் மூளை கவனத்தைக் குவித்துக்கொண்டு, மற்றவற்றைத் தள்ளிவைத்துவிடுகிறது. நடவு முடிந்த வயலில் நாற்றை விட்டுவிட்டு மற்றதைக் களை என்று பறித்துப்போடுவது மாதிரி. பறித்த வயலிலும் களை மறுபடி முளைக்கும் அல்லவா? அதுபோல மற்ற ஒலிகளுக்கான கதவும் அடியோடு மூடிவிடுவதில்லை. பெரியவர்களும் பயிற்சி செய்தால் அந்த ஒலிகளைக் கேட்கவும் சொல்லவும் பழகலாம். ஆனால் உழைக்க வேண்டும்.

நாம் ஏதோ கெட்டிக்காரர்கள், வெள்ளைக்காரருக்குத்தான் காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் காதுக்கும் இதே கதைதான். நம் எழுத்தில் ‘க’ ஒன்றே ஒன்று. இந்தியில் அந்த இடத்தில் நான்கு ஒலிகள். இந்தி படிக்கத் தொடங்கிய அண்ணனையோ அக்காவையோ கேளுங்கள், அந்த நான்கும் எப்படிக் குழப்பும் என்று சொல்வார்கள். அந்த நான்கில் இரண்டுக்குக் காற்றை ஊதிச் சொல்ல வேண்டும். அது எப்படி என்று ஒரு சோதனை செய்து பாருங்கள். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு ‘பாட்டு’ என்று சொல்லுங்கள். காகிதம் அனேகமாக அசையாது. இப்போது ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் சொல்வதுபோல, காற்றை ஊதி, ‘பென்’ என்று சொல்லுங்கள். காகிதம் படபடக்கும். இந்தக் காற்றை ஆங்கிலேயர்கள் நினைத்துப் பார்த்து ஊதுவதில்லை. நாம் நினைத்துப் பார்த்தால்தான் ஊதுவோம்.

தரங்கம்பாடிக்குத் திரும்பலாம். மணலில் எழுத்து வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. சீகன்பால்குவுக்கு எழுத்தைப் படிக்க முடிந்தது, பொருள்தான் விளங்கவில்லை. அப்போது கிடைத்தவர் அழகப்பன். முன்பு டென்மார்க் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். போர்ச்சுக்கீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் அறிந்தவர். இந்தக் கதையை எழுதுகிற பலரும் சீகன்பால்குவைப் புகழ்ந்துவிட்டு அழகப்பனை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜெர்மனியை எட்டிக்கூடப் பார்க்காமல், தரங்கம்பாடிக் கரையில் வந்துபோகிறவர்களோடு பேசிப் பேசியேதான் இத்தனை மொழிகளையும் அவர் கற்றிருக்க வேண்டும். இவர்கள் இருவரில் யார் பெரிய மாணவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதற்கு அப்படி என்ன சக்தி? 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா குல் என்ற அறிவியலாளரின் குழு அதைச் சோதித்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழிக்காரர்கள் நேரில் வந்து விளையாடினார்கள், கதைப்புத்தகம் காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் அழகாகப் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். அந்தக் குழந்தைகள் எதையும் கற்கவில்லை. நேரில் இருக்கிறவர் எந்தப் பொம்மையைப் பார்க்கிறாரோ அதைக் குழந்தையின் கண்ணும் பார்க்கிறது. குழந்தை முனகினால் அவர் பதில் சொல்கிறார். டிவி பதில் சொல்லாதே!

சீகன்பால்கு தன் அன்றாட வேலைத்திட்டத்தை ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு வரை, ஏற்கெனவே கற்ற சொற்களையும் தொடர்களையும் மறுபடி சொல்லிப் பார்ப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகள். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். புலவர் பொருள் சொல்வார். புதிய சொல் வந்தால் எழுதுபவர் உடனே குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்பு உண்டு. இரவில் கண் சோர்ந்துவிடும் என்று யாரையாவது வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பார். பிடித்த ஆசிரியர் என்றால் அதே நூலை நூறு முறைகூட வாசித்ததாகச் சொல்கிறார்.

சுவடி என்றால் அச்சுப்புத்தகம் மாதிரி நினைக்காதீர்கள். பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். ‘எ’வா ‘ஏ’யா, ‘ஒ’வா ‘ஓ’வா என்பதையும் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்து எழுத்தைத் திருத்தியவரும் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டுக்காரர்தான்: இத்தாலியில் பிறந்து, கொள்ளிடக் கரைக்கு அருகே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். வெளியிலிருந்து வந்து தடுக்கி விழுந்தவருக்குத்தானே படி எங்கே இருக்கிறது என்று தெரியும்!

சீகன்பால்குவின் அந்தக் காலை ஏழு மணி வேலையைப் பாருங்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பச் சொன்னால் தங்குகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. எபிங்ஹாஸ் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, தரங்கம்பாடி வீட்டில் இதையெல்லாம் ஒருவர் தினமும் செய்துகொண்டிருந்தார்.

பலன்? 1708-இலேயே தான் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்பு எழுதிவிட்டார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியிலேயே அச்சானது. 1716-இல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளிவந்தது. 1719-இல் இறந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பின்னால் 1750-இல் அதே சமயப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் என்பவர் தமிழோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் அரசரோடு அவருடைய தாய்மொழியிலேயே பேசுவதற்காக மராத்தியும் கற்றார். இந்துஸ்தானி தெரியும் என்பதால், 1779-இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது போக ஆங்கிலேயர்கள் அவரைத்தான் அனுப்பினார்கள். அவர் பார்வையில் வளர்ந்து, பின்னர் தஞ்சாவூர் அரசரான சரபோஜியும் பல மொழி கற்றார். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஐரோப்பிய மொழிப் புத்தகங்களையும் வாங்கிச் சேர்த்தார்.

‘எனக்கு வயது பதினொன்று ஆகிவிட்டதே, கதவு மூடிவிட்டதா?’ என்று கேட்கிறீர்களா? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையத்தில் ஆங்கில இலக்கணச் சோதனை எழுதிய சுமார் 6,70,000 பேரின் விடைகளைப் பார்த்தது. இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேகம் பதினேழு வயதுவரை பெரிதாகக் குறைவதில்லை என்று அதை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கும்பகோணத்துப் பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் கவலையே இல்லை: நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்றும் கலந்து குழம்புமே என்று அவர்கள் வீட்டில் யாரும் பயப்பட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக, சீகன்பால்குவின் மொழியிலிருந்து ஓர் ஒலி. நம் தமிழில் உதட்டைக் குவிக்கிற உயிரெழுத்துகள் உ, ஊ, ஒ, ஓ, ஔ மட்டும்தான். அவற்றைச் சொல்லும்போது நாக்கின் பின்பகுதி உயரும். நாக்கின் முன்பகுதியை உயர்த்தி உதட்டையும் குவிக்கிற எழுத்து நம்மிடம் இல்லை. ஜெர்மனில் உண்டு, பிரெஞ்சிலும் உண்டு. முதலில் ‘ஈ’ என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்கவே கூடாது. சத்தத்தை நிறுத்தாமல் உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவியுங்கள். ‘ஈ’யும் இல்லாமல் ‘ஊ’வும் இல்லாமல் ஒன்று வரும், அதுதான். நாக்கு பின்னால் ஓடப் பார்க்கும், விடாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று செய்தால் சுலபம். வீட்டில் யாராவது சிரித்தால், அவர்களையும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.