செல்லுக்குள் சிந்தும் எலெக்ட்ரான்

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றியதும் வெள்ளையாக நுரைத்துப் பொங்கும். நம் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி, அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துப் போடுகிறது. இப்படியொரு நொதி நமக்கு எதற்கு? புட்டியில் வாங்கும் அதே பெராக்ஸைடு, நம் செல்களுக்குள்ளும் ஓயாமல் உருவாகிறது.

மைட்டோகாண்ட்ரியாவில் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கப்படும்போது கைமாறிப் போகும் எலெக்ட்ரான்களில் சில வழியில் சிந்துகின்றன. அப்படிச் சிந்திய ஒன்று ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டால் அது சூப்பராக்ஸைடு. ஜோடியில்லாத எலெக்ட்ரானைச் சுமந்து திரியும் இந்த மாதிரி மூலக்கூறுகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். நாம் முதுமையடைவதற்கே இவைதான் காரணம் என்று 1956-ல் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் எழுதினார். சூப்பராக்ஸைடைப் பெராக்ஸைடாக மாற்றி அகற்றும் நொதியை 1969-ல் விஞ்ஞானிகள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். எதிரி யார் என்பது முடிவாகிவிட்டது. அதை ஒழிக்க ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளும் கடைக்கு வந்துவிட்டன.

பின்லாந்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது நம்பிக்கை. 1994-ல் வந்த முடிவோ, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்நோய் 18 சதவீதம் அதிகம் என்றது! அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னொரு ஆய்விலும் புற்றுநோய் கூடவே, 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ராடிக்கல் வெறும் குப்பையல்ல. விழுங்கிய கிருமியைக் கொல்ல, வெள்ளணுக்கள் சூப்பராக்ஸைடை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. பிறவிக் குறையால் அதைத் தயாரிக்க முடியாத குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று மாறி மாறி வரும். வெள்ளணு கிருமியை விழுங்கும், ஆனால் கொல்ல முடியாது. உடற்பயிற்சியின் பலனில் ஒரு பங்கும் இந்த ராடிக்கல்கள் தரும் தூண்டுதலால் கிடைப்பதுதான். வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் அதை மழுங்கடித்ததை 2009-ல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் 'ராடிக்கலை விரட்டுங்கள்' என்று விளம்பரம் செய்வது, என்னைக் கேட்டால், பெரிய தவறு.

கேரட்டும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அந்த ஆய்வுகள் குறை சொன்னது மாத்திரையைத்தான். உங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் யாராவது பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்த வாரமே அதை டாக்டரிடம் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.