ஒரு சுருட்டுக்கு வைவா!

என்ன பாஸ், விராலிமலை போயிருக்கீங்களா? திருச்சி - மதுரை ஹைவேயில பஸ் ஜன்னல் வழியா மலைக்கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடாவது போட்டிருப்பீங்க. மயிலுக்குப் பேர்போன ஊர். ஆனா, அந்த மலை மேல இருக்கிற முருகனுக்குச் சுருட்டும் படைக்கிறாங்கங்கிற மேட்டர் தெரியுமா?

தல வரலாறு இதுதான். கருப்பமுத்துப் பிள்ளைனு ஒரு பக்தர். முருகனைப் பார்க்கக் கிளம்பினவரை மாமுண்டி ஆத்து வெள்ளம் மறிச்சிடுச்சு. மழை, குளிரு... மனுஷன் சுருட்டுக்கு ஏங்கிட்டு நிக்கிறார். அப்போ முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, துணைக்கும் வந்திருக்கார். கோயிலுக்குப் போய்ப் பார்த்தா, சந்நிதியில சுருட்டு! வந்தது சாட்சாத் முருகனேதான்னு நம்பி, அதுல இருந்து சுருட்டு படைக்க ஆரம்பிச்சாங்களாம்.

'சாமிக்குச் சுருட்டா?'னு புதுக்கோட்டை மன்னர் தடை போட்டாராம். முருகன் கனவுல வந்து, 'இது புகை பிடிக்கச் சொல்லிக் கொடுக்க இல்ல. தவிக்கிறவனுக்கு உதவணும்னு எல்லாரும் தெரிஞ்சுக்க'னு விளக்கம் சொன்ன பிறகுதான் தடை நீங்கிச்சாம்.

சரி, சாமிக்கே படைக்கிற சுருட்டுல எது நல்லது, எது மட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லாத எனக்கு என்ன தெரியும்? பெட்டிக்கடைகள்ல நாலு தினுசு சுருட்டு வாங்கினேன். அதுல ஒண்ணு கன்னங்கரேல்னு, பார்த்தாலே இருமல் வர்ற மாதிரி! நாலையும் எடுத்துக்கிட்டு இலுப்பூர் பக்கம் எங்க ஊருக்கு பஸ் ஏறிட்டேன். அங்கதான் இருக்கார் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்... எங்க அய்யா. அதாவது, அப்பாவோட அப்பா. அம்பது வருஷ சுருட்டு சர்வீஸ்!

"பத்த வைக்காமலே பாதி மார்க் போட்டுறலாம் அப்பு"னு திண்ணையில உக்காந்தார்.

முதல்ல கண்ணு. சுருட்டுக்கு மூணு பாகம். உள்ளே பூரணம் மாதிரி அடைச்ச இலை, அதைச் சுத்தி ஒரு கட்டு இலை, வெளியே சட்டை மாதிரி ஒரு மேலிலை. மேலிலையில கிழிசல், தடிச்ச நரம்பு இருக்கக் கூடாது. வெளிநாட்டுச் சிகார்ல ஒரு முனை மூடியிருக்கும், வெட்டித்தான் பிடிக்கணும். நம்ம சுருட்டுக்குப் பொதுவா ரெண்டு பக்கமும் திறப்பு. இங்கிலீஷ்ல 'செரூட்'னு சொல்றாங்களே, அதுவே நம்ம 'சுருட்டு'தான்!

அடுத்து விரல். நுனியில இருந்து அடி வரைக்கும் மெதுவா அழுத்திக்கிட்டே வந்தார். "இந்தா, இங்க கல்லு மாதிரி இருக்கு. புகை வராது. இங்க பொதபொதன்னு இருக்கு. சர்ருனு எரிஞ்சு சூடு ஏறும்." நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை மனுஷன் ரெண்டு விரல்லயே எழுதிட்டார்!

மூணாவது மூக்கு. நல்லாப் பதமான இலையில கருப்பட்டி, காஞ்ச வைக்கோல் வாசம் வரணுமாம். மூக்கைக் குத்துற நெடி அடிச்சா, இலை இன்னும் பதமாகலைனு அர்த்தம். புகையிலையை அம்பாரமாக் குவிச்சு வச்சா, அது தானாகவே சூடாகிப் புளிக்கும். பிரிச்சுப் பிரிச்சு அடுக்குவாங்க. அம்மோனியா வெளியேறி, காட்டம் தணியும், நிறமும் கறுக்கும்.

"அப்போ இந்தக் கறுப்புதானே அய்யா செம ஸ்ட்ராங்?"னு கேட்டேன். சிரிச்சுட்டார். "சட்டையைப் பார்த்து ஆளை எடை போடாத!"

உண்மைதான் பாஸ். வெளிநாட்டுல இந்த மாதிரி கறுப்பு மேலிலைக்கு 'மதுரோ'னு பேர். ஸ்பானிஷ்ல 'பழுத்தது'னு அர்த்தம். தடிச்ச இலையை ரொம்ப நாள் பதப்படுத்தினா இந்த நிறம் வரும். ஒருவித இனிப்பும் சேரும். ஆனா, காரத்தின் பெரும்பங்கு உள்ளே அடைச்ச இலையில. அதுவும், செடியின் உச்சியில வெயில் வாங்கின இலைக்குத்தான் நிகோடின் ஜாஸ்தி.

அய்யா ஈரத்துணியால அந்தக் கறுப்புச் சுருட்டைத் தேய்ச்சார். துணியில மை மாதிரி அப்பிக்கிச்சு. "இலைச்சாறு லேசா ஒட்டும். இப்படி அப்பாது. இது சாயம்!" நம்ம ஹீரோ ஃபெயில்!

சாம்பலுக்கும் மார்க் உண்டு. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே, கொலைகாரன் பிடிச்சது திருச்சிச் சுருட்டுனு சாம்பலை வச்சே ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். ஒரு பக்கமா எரியாம, சாம்பல் சட்டுனு உதிராம நிக்கணும். உப்புத் தண்ணி பாய்ஞ்ச புகையிலை சரியா எரியாது. குளோரைடு பண்ற வேலை. வேடசந்தூர்ல 1948-லயே சுருட்டுப் புகையிலைக்கு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்கன்னா பார்த்துக்கங்க.

"ருசி?"னு கேட்டேன். அய்யா கண்ணை மூடிக்கிட்டார். "மொதல்ல கருப்பட்டி. பாதியில மிளகுக் காரம். கடைசியில கசப்பு. புகையை நெஞ்சுக்குள்ள இழுக்கக் கூடாது. வாயிலயே நிறுத்தி ஊதணும்."

இங்கதான் பாஸ் இருக்கு வில்லங்கம். சிகரெட் புகை பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால நுரையீரலுக்குப் போனாத்தான் நிகோடின் நல்லா ஏறும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால வாயோட உள்தோல் வழியாவே நிகோடின் ரத்தத்துல ஏறிடும். 'நான் உள்ளேயே இழுக்கிறதில்லையே'னு சொல்றவங்க இதைக் கவனிங்க. புற்றுநோய் உண்டாக்குற சமாசாரம் எல்லாம் அதே வாயிலதான் தங்கி நிக்குது. சிகரெட்ல இருக்கிற புகையிலை ஒரு கிராமுக்கும் கம்மி. பெரிய சிகார் ஒண்ணுல 5 கிராமுக்கும் மேல!

அய்யாவுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி கன்னத்துக்குள்ள ஒரு புண். 'சூட்டுப் புண்ணு'னு அஞ்சு மாசம் தேங்காய்ப்பாலும் மணத்தக்காளியுமா ஓட்டினார். கடைசியில ஆபரேஷன், ரேடியேஷன். அதோட சுருட்டு ஸ்டாப். எச்சில் வத்திப்போச்சு, ருசியும் போச்சு. வாய்ப்புண் ரெண்டு வாரத்துக்கு மேல ஆறலைன்னா டாக்டரைப் பார்க்கணும்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கும்தான்.

அப்பத்தா சாப்பாடு கொண்டுவந்து வச்சாங்க. குழையக் குழையப் பிசைஞ்ச ரசம் சாதம். அய்யா ஒரு வாய் எடுத்துட்டு, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "உப்புப் போட்டியாத்தா?"

அம்பது வருஷமா சுருட்டுல இலை இலையா ருசி பிரிச்ச நாக்கு பாஸ் அது!

கை கழுவிட்டு வந்து ரிசல்ட் சொன்னார். நாலுல ஒண்ணுதான் பாஸ். பழுப்பு நிறத்துல, பார்க்கச் சாதுவா இருந்த சுருட்டு. மூக்குக்கிட்ட கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வச்சிருந்தார். அப்புறம் காகிதத்துல மடிச்சு என் கையில கொடுத்தார்.

"போறப்ப மலையேறி முருகன்கிட்ட கொடுத்துட்டுப் போயிரு அப்பு. அவருக்கு வாய்ப்புண்ணு வராது!"